கட்டை விரல் கசரத்து

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் அன்று காலை பொன்னேரியில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி மீஞ்சூரைத் தாண்டியதும் தற்செயலாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தவன் திடுக்கிட்டுப் போனேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் தலையைக் கவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். நின்று கொண்டிருந்தவர்களும் கவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. துக்க வீட்டில் கூட இரண்டு பேராவது பேசிக் கொள்வார்கள்!

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எல்லோர் கையிலும் செல்போன்.

எனக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள். அவர்கள் தேகத்தில் அசைந்து கொண்டிருந்த ஒரே அவயவம் கட்டை விரல்தான். மேலே ஒரு தள்ளு. ஒரு விநாடி பார்வை. மறுபடியும் ஒரு தள்ளு. அந்தக் காலத்து வாலிபர்கள் விடியற்காலையில் எழுந்து கர்லாக் கட்டை சுற்றினார்கள். இந்தக் காலத்து வாலிபர்களுக்குக் கட்டை விரல்தான் கர்லாக் கட்டை!

'ஐயோ பாவம், இளைய தலைமுறை!' என்று ஒரு நீண்ட பெருமூச்சு விட்டேன். ஆனால், வாசகர்களிடம் உண்மையை மறைக்கலாமா? 'தற்செயலாகத் தலையை நிமிர்த்தினேன்' என்று சொன்னேன் அல்லவா? மீஞ்சூர் வரைக்கும் நானும் தலையைக் கவிழ்த்துக் கொண்டுதான் இருந்தேன். அங்கே என் செல்போனில் சார்ஜ் தீர்ந்து போயிற்று. அவ்வளவுதான் என்னுடைய யோக்கியதை! ஆகையால் இது உபதேசம் அல்ல. ஒரு பையனிடமிருந்து நான் கற்றுக் கொண்ட பாடம்.

* * *

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு நண்பர் குடியிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. கடன் வாங்கித்தான் மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன்தான். இப்போது மூன்றாம் வருஷம்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணா, நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் போன்தான். காலையிலே எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறான். சாப்பாடு பாதிதான் இறங்குது. ஏதாவது கேட்டா எரிஞ்சு விழறான். அவரு, 'போனை உடைச்சுப் போட்டாத்தான் உருப்படுவான்'னு குதிக்கிறாரு. போன அமாவாசைக்குத் திருவள்ளூருக்குப் போய் வேண்டிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை எங்கள் பக்கத்தில் 'வைத்திய வீரராகவர்' என்று சொல்வார்கள். டாக்டர் கைவிட்ட நோயையும் தீர்ப்பார் என்று நம்பிக்கை. அமாவாசை தோறும் ஜனங்கள் வந்து குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்தக் குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. அதாவது, உள்ளத்தின் தாபத்தை ஒழிப்பது. உடம்புக்கு வைத்தியம் செய்கிற பெருமாளின் குளத்துக்கு உள்ளத்து வைத்தியப் பெயர் வைத்தார்களே, நம் முன்னோர்கள் லேசுப்பட்டவர்களா? இந்த இரண்டும் வெவ்வேறு வியாதிகள் அல்ல என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"உடைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லம்மா. நான் பேசிப் பார்க்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

ஆனால், எப்படிப் பேசுவது? 'உட்கார், உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்' என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளைதான் வாயைத் திறக்கும்? நான் ஒரு தந்திரம் செய்தேன். "தம்பி, இருட்டில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கடைத் தெரு வரைக்கும் கூட வாயேன்" என்றேன். மரியாதை தெரிந்த பையன். போனைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்தான்.

போகும்போது ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போது, "சார், வீட்டிலே சொல்ல மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தான். நாலு பாடம் அரியர். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்து ஓய்ந்து போய் உட்காரும்போது அதை எப்படிச் சொல்வது?

"படுத்தவுடனே அந்த நெனைப்பு வந்துடுது சார். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். போனை எடுத்தா நெனைப்பு வராது. வெச்சா வந்துடும். அதான் வெக்கிறதே இல்லை."

நான் நடுத்தெருவில் நின்று விட்டேன். நாங்கள் எல்லோரும் செல்போனை வியாதி என்று நினைத்துக் கொண்டிருந்தோம். அவனோ அதை வலிக்கு மருந்தாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தான்! மருந்தை அப்பா பிடுங்கி உடைத்திருந்தால் வலி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

* * *

நெஞ்சு ஏன் படபடக்கிறது? 1915-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வால்டர் கானன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காட்டில் புலியைக் கண்ட மனிதனை எண்ணிப் பாருங்கள். ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும், அல்லது ஓட்டம் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் உடம்பு கண நேரத்தில் தயாராகி விடுகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, பசி அடங்கி விடுகிறது. புலி வந்த நேரத்தில் இட்லி எதற்கு?

மனிதன் ஓடித் தப்பித்ததும் எல்லாம் அடங்கி விடும். ஆனால், அரியர் என்ற புலி இருக்கிறதே, அது தினம் வருகிறது. கட்டிலில் படுத்திருக்கும்போது வருகிறது. உடம்புக்குப் புலிக்கும் பரீட்சைக்கும் வித்தியாசம் தெரியாது. ஓடுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் செய்து விட்டுக் காத்துக் கொண்டிருக்கிறது. பையனோ படுத்தபடியே இருக்கிறான்! 1936-இல் கனடாவில் ஹான்ஸ் ஸெல்யே என்ற டாக்டர் எலிகளை வைத்துச் சோதனை செய்து, ஓயாத நெருக்கடிக்கு ஆளான பிராணிகளின் இரைப்பையில் புண் உண்டாவதைக் கண்டார். கவலை வயிற்றை அரிக்கும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதுதான்.

அப்படியானால் அந்த உடம்பு எதைக் கேட்கிறது? ஓட்டத்தைக் கேட்கிறது! காலுக்கு வேலை கேட்கிறது. நாம் கொடுப்பதோ கட்டை விரலுக்கு வேலை.

இதில் பையனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்கின்னர் என்ற மனோதத்துவ நிபுணர் புறாக்களைக் கூண்டில் விட்டு, ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால், பசி தீர்ந்ததும் புறா சும்மா இருந்து விடும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி செய்தால் விடாமல் கொத்திக் கொண்டே இருக்கும். செல்போனில் மேலே தள்ளத் தள்ள ஒன்று சப்பென்று இருக்கிறது, இன்னொன்று குபீர் என்று சிரிக்க வைக்கிறது அல்லவா? அதே கூண்டுதான்! பக்கம் முடிந்தது என்பதே இல்லாமல் தள்ளிக் கொண்டே போகும் வசதியை 2006-இல் உண்டாக்கிய ஏஸா ராஸ்கின் என்பவர், பிற்பாடு தாம் செய்த காரியத்துக்குத் தாமே வருத்தம் தெரிவித்தார். கெட்டிக்காரர்கள் நூற்றுக் கணக்கில் கூடி உட்கார்ந்து பின்னிய வலையிலிருந்து, நாலு அரியர் வைத்திருக்கும் ஒரு பொன்னேரிப் பையன் தன்னந்தனியாகத் தப்ப வேண்டும் என்கிறோம்!

* * *

லண்டன் பஸ் கதை ஒன்று சொல்கிறேன். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லண்டன் நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நூற்றுக் கணக்கான படிகள் ஏறி இறங்குவார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே புகை, ஒரே நெரிசல். ஆனால், டிரைவர்களை விடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் அதில் பிழைத்தவர்கள் அதிகம். அந்த மாரிஸ் அதன் பிறகு ஐம்பத்தாறு வருஷங்கள் இருந்து, 2009-இல் தம் 99-வது வயதில் காலமானார். சொன்னதைச் செய்து காட்டிய டாக்டர்!

கண்டக்டர்கள் ஜிம்முக்குப் போகவில்லை, சந்தா கட்டவில்லை, புரோட்டீன் மாவு கரைத்துக் குடிக்கவில்லை. அன்றாட வேலையிலேயே அவர்களுக்குத் தேகப் பயிற்சி இருந்தது. நம் பிள்ளைகளுக்கு? தெரு முனையில் கல்லூரி பஸ், வகுப்பில் பெஞ்சு, வீட்டில் கட்டில். எல்லோரையும் டிரைவர் ஸீட்டில் உட்கார வைத்து விட்டோம், பஸ்ஸை மட்டும் கொடுக்கவில்லை!

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட யோசனைப்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை போன்ற பயிற்சி வேண்டும். தினம் அரை மணி என்று வைத்தால் ஐந்து நாளில் முடிந்து விடுகிறது. இந்தியாவில் 2022-இல் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை என்று அதே ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

மனத்துக்கும் இது உதவுமா? 1999-இல் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலை டாக்டர்கள், மனச் சோர்வு நோயால் அவதிப்பட்ட 156 பேரைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஐம்பது வயது கடந்தவர்கள். சிலருக்கு மருந்து, சிலருக்குத் தேகப் பயிற்சி, சிலருக்கு இரண்டும். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று கூட்டத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம்! (இதைப் படித்து விட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் ஜன்னல் வழியே வீசி விடாதீர்கள். அது டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.)

* * *

நண்பர் வீட்டு மாடிப் படியின் கீழே ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. பையன் பதினோராம் வகுப்புப் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். இரண்டு வருஷம் அதில்தான் பள்ளிக்கூடம் போனான். கல்லூரி பஸ் வந்தது. சைக்கிள் படிக்குக் கீழே போயிற்று. அது போன இடத்தைச் செல்போன் பிடித்துக் கொண்டது. அதற்கும் முன்னால், 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பாடம் படிப்பதற்காகத் தவணையில் வாங்கிக் கொடுத்த செல்போன் அது. வாங்கிக் கொடுத்தவர் அப்பாதான்!

"தம்பி, போனை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். தினம் காலையில் அரை மணி இந்த சைக்கிளை எடு. அந்த அரை மணி மட்டும் போன் வீட்டில் தூங்கட்டும். வேறு ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

டியூபும் செயினும் மாற்றினோம். முதல் நாள் புறப்பட்டவன் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து விட்டான்.

"என்ன தம்பி, பஞ்சரா?"

"இல்லை சார். பாக்கெட்டிலே போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. கையை விட்டுப் பார்த்தா போனே இல்லை! என்னமோ மாதிரி ஆயிடுச்சு" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

இல்லாத போன் அடிப்பதாகத் தோன்றுவது அநேகம் பேருக்கு உண்டாம். எனக்கும் உண்டு. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் பதினைந்து நிமிஷம். ஒரு வாரத்தில் அரை மணி. ஆரணி ஆற்றுப் பக்கம் வரைக்கும் போய் வந்தான். லாரிகள் பறக்கிற கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போகாதே என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ஆலைப் பகுதியில் இருப்பவர்களும் புகைக்கும் லாரிக்கும் நடுவில் நடப்பதை விட, பள்ளிக்கூட மைதானத்தையோ குளக்கரையையோ தேடிக் கொள்வது நல்லது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நண்பர் இரவு ஷிப்டு முடிந்து வந்து கொண்டிருந்தார். மகனைத் தெரு முனையில் பார்த்தார். மகன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக் கொண்டு அவருடன் நடந்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நண்பர் வந்து உட்கார்ந்தார்.

"நாலு பாடம் சார். என்கிட்டே சொல்லப் பயந்திருக்கான். ரெண்டு வருஷமா!" என்றார். குரல் கம்மியது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் மட்டும் என்னத்தை ஒழுங்கு? ஷிப்டு முடிஞ்சு வந்து, கடன் நெனைப்பு வரக் கூடாதுன்னு நானும் ஒரு மணி நேரம் போனைத்தானே பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்!" என்றார்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே மருந்தைச் சாப்பிட்டுக் கொண்டிருந்திருக்கிறார்கள்! முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டால் வராத வார்த்தை, பக்கத்தில் நடந்தால் தானாக வந்து விடுகிறது. நடையின் இந்தப் பலனை எந்த ஆராய்ச்சியாவது அளந்திருக்கிறதோ என்னவோ!

* * *

அம்மாமார்களே, அப்பாமார்களே! எங்கள் தெருவில் நாங்கள் கண்டு பிடித்த சில சின்ன விஷயங்களைச் சொல்கிறேன்.

'எத்தனை மணி நேரம் போன் பார்த்தாய்?' என்று கேட்பதற்கு முன்னால், 'என்னப்பா கவலை?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் நடந்து கொண்டே கேளுங்கள்.

இரவில் செல்போனுக்குப் படுக்கை கூடத்தில்; பிள்ளைக்குப் படுக்கை அறையில். அப்பா, அம்மாவின் போன்களும் கூடத்தில்தான்! பாஸ்டன் நகரத்தில் பன்னிரண்டு பேரைப் படுக்கும் முன் சில நாள் ஒளிரும் திரையிலும் சில நாள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். திரையில் படித்த நாட்களில் தூக்கம் வரப் பத்து நிமிஷம் போல அதிகம் ஆயிற்று. காலையில் மந்தமாகவும் இருந்ததாம். அவர்கள் படித்தது வெறும் புத்தகந்தான். நம் பிள்ளைகள் பார்ப்பதோ நிமிஷத்துக்கு நாலு நாட்டியம்! காலையில் எழுப்புவதற்குப் போன் வேண்டுமே என்பார்கள். அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பெண் குழந்தைகளை மறந்து விடாதீர்கள். பையன் சைக்கிளை எடுத்துக் கொண்டு கிளம்பினால் 'போய் வா' என்கிறோம். பெண் கிளம்பினால் 'எங்கே, எதற்கு?' என்கிறோம். நான் சொன்ன அந்த 2022-ஆம் வருஷக் கணக்கில், நம் நாட்டு ஆண்களில் போதிய பயிற்சி இல்லாதவர்கள் நூற்றுக்கு 42, பெண்களில் 57. இந்தப் பையனுக்கு ஒரு தங்கை உண்டு. இப்போது அவளும் அம்மாவும் சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கிறார்கள். ஊர்க் கதை அத்தனையும் அங்கே பேசப்படுகிறதென்று கேள்வி.

கடைசியாக ஒன்று. நடையும் சைக்கிளும் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. பிள்ளை பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தால், அல்லது 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வாயில் வந்தால், ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவை 2022-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லாமல் தமிழிலேயே பேசலாம். செல்போன் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கென்றே பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-இல் ஒரு தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். அங்கே போகிறவர்கள் பைத்தியங்கள் அல்லர், கெட்டிக்காரர்கள்.

* * *

நம் பையன் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்? நாலில் இரண்டு பாடம் தேறி விட்டான். மீதி இரண்டு இன்னும் இருக்கின்றன. செல்போனும் இருக்கிறது. ஆனால், பதினொரு மணிக்குக் கூடத்துக்குப் போய் விடுகிறது. என்றாவது மழை பெய்து சைக்கிள் நின்று போனால், அன்று இரவு மறுபடியும் பழைய படபடப்பு எட்டிப் பார்க்கிறது என்கிறான். மறுநாள் வெயிலடித்ததும் கிளம்பி விடுகிறான்.

அவன் அம்மா போன வாரம் மறுபடியும் ஒரு புகாரோடு வந்தாள்.

"என்ன அண்ணா இது? ஆறு இட்லி வெச்சா போதலை, இன்னும் ரெண்டு போடுங்கிறான். மாவு நாலு நாள் வந்தது, ரெண்டே நாள்லே தீர்ந்து போகுது!"

புகார் சொன்ன முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

அவள் போனதும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஊராரின் காலுக்கெல்லாம் வேலை கொடுத்தாயிற்று. ஸ்டேஷனுக்குப் போக நீங்கள் மட்டும் தினம் ஷேர் ஆட்டோதானே?" என்றாள்.

நாளை முதல் நடந்துதான் போகப் போகிறேன். செல்போனை வீட்டில் வைத்து விட்டா என்று மட்டும் கேட்காதீர்கள். பையன் கூடப் பத்து நிமிஷத்தில்தான் ஆரம்பித்தான்!